பட்டத்தின் பின்பக்கம்

12.02.2025, புதன்

கொழும்புக்குப் போய் வெறுங்கையோடு ஊருக்கு, ஆரையம்பதிக்குத் திரும்பினேன். தமிழ்நாட்டில், அகதி முகாமிலிருந்து படித்து வாங்கிய பி.எஸ்சி., பி.எட். இரண்டும் இங்கே செல்லுபடியாக வேண்டுமானால், அசலின் பின்பக்கத்தில் முத்திரை விழ வேண்டும். சான்றிதழ்களை உறுதிப்படுத்தும் அலுவலகத்தில் இருந்த பெண் அலுவலர் திருப்பிப் பார்த்தா, நகத்தால் சுரண்டினா. "பிளாஸ்டிக் மேல எப்பிடிக் குத்துறது மிஸ்?"

லமினேட்! முகாமில் எல்லோருடைய கடதாசியும் அப்படித்தான். கூரை ஒழுகும். சான்றிதழ் கையில் கிடைத்த அன்றைக்கே லமினேட் கடைக்கு ஓடுவோம். அது பிழை என்று யார் கண்டது?

தமிழ்நாட்டிலிருந்து மறுபிரதி எடுக்க ஆறு மாதம் ஆகுமாம். ஆசிரியர் விண்ணப்பம் மார்ச் 14இல் முடிகிறது. இதைத் தவறவிட்டால் எனக்கு வயது கடந்துவிடும். பிறகு மாமா கட்டார் நாட்டில் பார்த்து வைத்திருக்கிற பிள்ளை பராமரிக்கும் வேலைதான்.

13.02

அம்மா சாப்பிடவில்லை. "நான்தானேகா அண்டைக்கு உன்னக் கடைக்கு விரட்டினன். உன்ட படிப்ப நானே மூடி ஒட்டிப்போட்டன்." ஐயோ அம்மா!

16.02, ஞாயிறு

டியூட்டரியில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற நான் அழுதுகொண்டா இருப்பது? இந்த ஒட்டு எதற்கு இளகும் - குளிருக்கா, சூட்டுக்கா? அதேபோல லமினேட் செய்த பள்ளிக்கால ஓட்டப்போட்டிச் சான்றிதழ்கள் மூன்று கிடந்தன. மூன்றையும் பலி கொடுக்கத் துணிந்தேன்.

முதலாவது, பக்கத்து வீட்டு மீன் வியாபாரி உதயரூபன் அண்ணனின் ஐஸ் பெட்டிக்குள் போனது. "பழுதாகாம இருக்கவோ தங்கச்சி?" என்று சிரித்தார். பிளாஸ்டிக் வெடித்தது உண்மை. கடதாசியும் சேர்ந்து கிழிந்தது. மீன் நாற்றம் வேறு.

18.02

இரண்டாவதற்குத் துணி விரித்து அயன் பெட்டி. உரிகிறது! ஆனால் முன்பக்க மையும் பிளாஸ்டிக்கோடு கழன்று வந்துவிட்டது. கடதாசியில் என் பெயரே இல்லை.

19.02

பின்பக்கத்தில் எழுத்தே இல்லையே! முத்திரையும் அங்கேதானே விழ வேண்டும்? பிறகு ஏனடி மடச்சி முன்பக்கத்தை உரிக்கிறாய்?

மூன்றாவதில் பின்பக்கம் மட்டும் உரித்தேன். வந்தது! கத்திவிட்டேன்.

22.02, சனி

அசல்கள். அம்மா சாமியறையை விட்டு வெளியே வரவில்லை. ஓரத்தைப் பிளேட்டால் கீறி, சூடு வைத்து, ஒரு விரல் அகலம், பிறகு இன்னொரு விரல். ஒரு மூலையில் மட்டும் தாளின் தோல் கொஞ்சம் போனது. மூன்று மணித்தியாலம்.

25.02

திரும்பவும் கொழும்பு, அதே அலுவலர். முன்பக்கம் மினுங்குகிறது, பின்பக்கம் வெறுந்தாள். "நீங்களே செஞ்சதா?" அயன் பெட்டிக் கதையைச் சொன்னேன். சிரிக்கப் போறா என்று பார்த்தால், "எவ்வளவு சூடு?" என்று கேட்டா. அவவின் மகனுடைய பிறப்புச் சான்றிதழும் அப்படித்தான் கிடக்கிறதாம்!

பருத்திக்கு வைக்கிற சூடு என்றேன். குறித்துக்கொண்டா. பிறகு குத்தினா - இரண்டிலும். மை காயும்வரை பைல் மட்டையால் விசிறினா.

03.03

விண்ணப்பம் போட்டாயிற்று.

09.09, செவ்வாய்

நியமனக் கடிதம் வந்தது. எங்கள் மாவட்டத்திலேயே, ஓட்டமாவடிப் பக்கம் ஒரு பாடசாலை. அம்மாவுக்கு முழுதும் வாசித்துக் காட்டினேன். அவ கடிதத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா.

"அப்ப இனி நாம ஒரு நாட்டுக்கும் போகத் தேவையில்லதானே?"

"இல்லம்மா."

கொஞ்சம் பொறுத்து இன்னொருதரம் கேட்டா. இன்னொருதரம் சொன்னேன்.