சேலையோடு தொட்டியில் இறங்கியவளுக்கு

இன்று காலை சென்னையிலிருந்து நம் லாட்ஜுக்கு வந்திருந்த குடும்பத்தின் லேப்ரடார் நாய், யாரும் பார்க்காத நேரத்தில் வெந்நீர்த் தொட்டிக்குள் குதித்துவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது கழுத்து வரை தண்ணீரில், ஓய்வுபெற்ற அதிகாரி மாதிரி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இழுத்து வெளியே விட்டதும் உடம்பை ஓர் உதறு உதறியது. என் புடவை, மூக்குக்கண்ணாடி, சுவர் எல்லாவற்றிலும் தெறித்தது. நனைந்த நாயின் வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தது. அந்த நாய்க்காரப் பெண் "ஸாரி ஆன்ட்டி, ஸாரி ஆன்ட்டி" என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள். நான் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். உன்னை நினைத்துத்தான் சிரிக்கிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டுப் புதிதாக நிரப்ப விட்டிருக்கிறேன். நிரம்ப எப்படியும் மத்தியானம் ஆகிவிடும். அதுவரை உன்னோடு பேசலாம் என்று உட்கார்ந்தேன்.

நீடாமங்கலம் பள்ளிக்கூடத்தில் நாம் ஒரே பெஞ்சு. உன் வீடு ஊரிலேயே பெரிய வீடு. என் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு. உங்கள் வயலில் கூலிக்கு அறுத்தவர் என் அப்பா. சங்கம் கூலி உயர்வு கேட்டுக் கொடி நட்ட வருஷம் உன் அப்பா வெளியூர் ஆட்களை அறுவடைக்கு இறக்கினார். என் அப்பா வரப்பில் படுத்து மறித்தார். அன்றைக்கு வாங்கிய அடியில் அவருடைய தோள் கடைசி வரை சரியாகவில்லை. அந்த அறுவடை முடியும் வரை நாம் ஒரே பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு எப்படிப் பேச ஆரம்பித்தோம் என்று எனக்கு நினைவில்லை. கணக்குப் பரீட்சை வந்திருக்கும், வேறென்ன.

நான் நர்ஸ் படித்துக் குவைத்துக்குப் போனேன். நீ கல்யாணமாகி மன்னார்குடிக்குப் போய், கணவர் காலமான பிறகு அப்பா வீட்டுக்கே திரும்பினாய். நான் வேலையை விட்டு ஊர் வந்தபோது, அத்தனை பெரிய வீட்டில் நீயும் ஒரு நாட்டு நாயும் மட்டும் இருந்தீர்கள். நாய்க்குத் தாசில்தார் என்று பெயர் வைத்திருந்தாய். கூப்பிட்ட நேரத்துக்கு வராது, வந்தால் எல்லாவற்றையும் மோந்து பார்க்கும், ஒன்றும் செய்யாமல் போய்விடும் என்று காரணம் சொன்னாய். பங்காளிகளோடு நிலத் தகராறில் தாலுகா ஆபீசுக்கு அலைந்து அலைந்து உனக்கு வந்த கடுப்பு அது.

உன் மகன் அமெரிக்காவிலிருந்து வாராவாரம் போனில் ஒரே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். வீட்டை விற்றுவிடு, இங்கே வந்துவிடு, நாயை யாரிடமாவது கொடுத்துவிடு. பிள்ளை கெட்டவன் இல்லை. தனியாக இருக்கிற அம்மாவைப் பற்றிப் பயம். ஆனால் நீ போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"அங்க போயி சன்னல் வழியா ரோட்டப் பாத்துக்கிட்டு சாகணும்டி நான். பாஷை தெரியாத ஊர்ல. செத்தா இங்க வச்சு எரிக்கக்கூட மாட்டாங்க."

அவனிடம் ஒரு வருஷம் தவணை கேட்டாய். அதற்குள் இந்த வீட்டைப் பிழைக்க வைக்காவிட்டால் விற்றுவிடுவதாக வாக்குக் கொடுத்தாய். எப்படிப் பிழைக்க வைப்பது என்று நம் இரண்டு பேருக்குமே தெரியாது.

தாராசுரம் கோயில் பார்க்க நாயோடு வந்த ஒரு பெங்களூர்க் குடும்பம்தான் வழி காட்டியது. கும்பகோணத்தில் எந்த லாட்ஜிலும் நாயைச் சேர்க்கவில்லை. யாரோ சொல்லி உன் வீட்டுக்கு வந்து தங்கினார்கள். அவர்கள் நாயும் தாசில்தாரும் முற்றத்தில் உருண்டதைப் பார்த்துவிட்டு நீ, "ஏன்டி, இதையே தொழிலா பண்ணினா என்ன?" என்றாய். வெந்நீர்த் தொட்டி என் யோசனை. குவைத் ஆஸ்பத்திரியில் மூட்டுவலிக்காரர்களை அதில் உட்கார வைப்போம். காற்று கீழிருந்து குமிழியாக வந்து உடம்பைப் பிடித்துவிடும். "நம்ம ஊரு வெயிலுக்கு வெந்நித் தொட்டியா? ஆளப் பிடிச்சு அவிக்கப் போறியா?" என்று கேட்டாய். பிறகு உன் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டே, சரி, வாங்கு என்றாய்.

வாசலில் மாட்ட ஒரு போர்டு எழுதி வந்தது. 'நாய்களுக்கு அனுமதி உண்டு.' அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. "எங்கப்பா இந்த வீட்ல மாட்டுக்கொட்டகையத் தாண்டி வந்ததில்ல. நாய்க்கு போர்டு வைக்கிறே" என்று சொல்லிவிட்டேன். நீ மறுப்பும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. "இன்னும் இருந்தா சொல்லு. உள்ள வச்சுக்கிட்டு என்கூடத் தொழில் பண்ணாத" என்றாய். நான் அன்று சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தேன். நீ கேட்டுக்கொண்டிருந்தாய். சொல்லி முடித்தபோது எனக்குப் பசித்தது. தோசை ஊற்றினாய்.

அப்புறம்தான் அந்தக் கூத்து. பழைய பம்ப் தண்ணீர் துருவாக வந்ததால், தொட்டிக்கென்று ஆழமாக ஒரு போர் போட்டோம். போர் லாரி வந்து போனது. அடுத்து, தொட்டியைப் பொருத்த வந்த கோயம்புத்தூர் ஆட்கள் மஞ்சள் தொப்பியும் ஆரஞ்சு சட்டையும் போட்டுக்கொண்டு, குழாய் குழாயாக இறக்கினார்கள். நம் ஊரில் அந்த வருஷங்களில் மஞ்சள் தொப்பியைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று நமக்கு உறைத்திருக்க வேண்டாமா? மீத்தேன் எடுக்கிறான், எண்ணெய் எடுக்கிறான், வயல் பாழாகப் போகிறது என்று டெல்டாவே பந்தல் போட்டு உட்கார்ந்திருந்த காலம். நீயே அந்தப் பந்தலில் உட்கார்ந்தவள்தான். அண்டா நிறையப் புளிசாதம் கிளறிக் கொண்டுபோனவள். ஆனால் உன் பங்காளி ஒருவர் ரோட்டோரத்து நிலத்தை எண்ணெய்க் கம்பெனிக்கு விட்டிருந்தார். பெரிய வீட்டுக்காரர்களை ஊர் எப்படி நம்பும்?

ஐப்பசி மாதம், மழை விட்ட ஒரு காலையில் தொட்டியை ஓடவிட்டுப் பார்த்தார்கள். பக்கத்துத் தோப்பில் தேங்காய் பறித்துக்கொண்டிருந்தவர் மரத்தின் மேலிருந்து நம் கொல்லையைப் பார்த்திருக்கிறார். மஞ்சள் தொப்பி, குழாய், தரையிலிருந்து தண்ணீர் புகையோடு கொப்புளிக்கிறது. அவருக்கு வேறென்ன தோன்றும்? மரத்தை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே கூவிவிட்டார். "கேஸு வந்துருச்சு! பெரிய வீட்டுக் கொல்லையில கேஸு வந்துருச்சு!"

டீ ஆறுவதற்குள் வாசலில் ஊரே நின்றது. முன்னால் நின்றவர்கள் என் தெரு ஆட்கள். இரண்டு கழகத்துக்காரர்களும் வந்து, அனுமதி கொடுத்தது உங்கள் ஆட்சிதான் என்று ஒருவரை ஒருவர் கை காட்டிக்கொண்டிருந்தார்கள். சங்கத்துத் தலைவன் என் சித்தப்பா மகன். அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான்.

"அக்கா, நீ இதுல தலையிடாத. பெரியப்பா பட்ட அடியெல்லாம் மறந்துபோச்சா ஒனக்கு? இவங்களோட சேந்து நம்ம வயலுக்கே கொள்ளி வைக்கிறியா?"

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஊர் ஒதுக்கிவிட்டால் லாட்ஜ் ஏது? லாட்ஜ் இல்லாவிட்டால் வீடு போகும், நீயும் போவாய். அந்த நேரம் பார்த்து நீ கொண்டையை முடிந்துகொண்டே வெளியே வந்தாய்.

"ஒங்களோட பந்தல்ல உக்காந்தவடா நான்! எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"கேட்டா சொல்லுவீங்களாம்மா? ஒங்க பங்காளி சொன்னாரா?" என்றான் அவன்.

நீ வாசல் கதவின் இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்தாய். "எல்லாரும் உள்ள வாங்க. வந்து பாருங்க. செருப்போடவே வாங்க."

அப்போது ஒன்று நடந்தது. இன்னொரு ஊர்க்காரனுக்கு அது புரியவே புரியாது. அத்தனை நேரம் தொண்டை கிழியக் கத்திய கூட்டம், உள்ளே வாங்க என்றதும் வாசல் பக்கம் நகரவில்லை. என் தெரு ஆட்கள், கோபம் கொஞ்சமும் குறையாமல், வீட்டின் பக்கவாட்டுச் சந்தை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள். மாட்டுக்கொட்டகை வழியாகக் கொல்லைக்குப் போகிற சந்து. அவர்களுடைய அப்பன், பாட்டன் எல்லாம் நெல் மூட்டையோடு போய்வந்த வழி. கால் தானாகப் போகிறது. என் தம்பியும்தான். சங்கத் தலைவன்!

உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். "அந்தப் பக்கம் இல்ல!" என்று கத்தினாய். "அந்தப் பக்கம் போகாதீங்க. இப்படி வாங்க. கூடத்து வழியா வாங்க."

யாரும் அசையவில்லை. நான்தான் படியேறினேன். பின்னால் என் தம்பி வந்தான். அதற்கப்புறம் கூடம், முற்றம், சமையல்கட்டு எல்லாம் சேற்றுக்காலாகக் கடந்து ஊர் கொல்லைக்கு வந்தது.

தொட்டி கொப்புளித்துக்கொண்டிருந்தது. மஞ்சள் தொப்பிக்காரர் நடுங்கிக்கொண்டே மோட்டாரைப் பற்றி விளக்கினார். மஞ்சள் தொப்பி சொல்வதை யார் நம்புவார்? ஒருவர் தீப்பெட்டியை எடுத்து, கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். நாலு பேர் அவரைப் பிடித்து இழுத்தார்கள். நீ கொசுவத்தைச் சொருகிக்கொண்டு, சேலையோடு, விறுவிறுவென்று படியேறித் தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டாய். காற்றில் சேலை பொம்மென்று உப்பி மேலே வந்தது. அதை அமுக்கி அமுக்கி உட்கார்ந்தாய். நீ எங்கே போனாலும் வருகிற தாசில்தாரும் உன் பின்னால் குதித்தது. அந்த நேரம் பார்த்தா நிஜத் தாசில்தார் கிராம நிர்வாக அலுவலரோடு கொல்லைக்குள் நுழைய வேண்டும்?

"தாசில்தார்! மேல ஏறாத! எறங்குடா வெளிய!"

அந்த மனிதர் அப்படியே நின்றுவிட்டார். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. என் தம்பி தண்ணீரில் கையை விட்டு, மோந்து பார்த்து, "வெந்நிதான்" என்று தீர்ப்புச் சொன்னான். நடவுக்கு வந்திருந்த எங்கள் தெருப் பெண் ஒருத்தி முன்னால் வந்து, "ஏம்மா, நட்டு நட்டு இடுப்பு ஒடியுது. எங்கள இதுல உக்கார விடுவீங்களா?" என்று கேட்டாள். கிண்டலாகத்தான் கேட்டாள். "வா, இப்பவே வா" என்று கையை நீட்டினாய். அவள் இறங்கினாள். அவளைப் பார்த்து இன்னும் சில பேர் இறங்கினார்கள். ஆண்களையெல்லாம் நான் விரட்டினேன். அன்றைக்கு ஆரம்பித்த வழக்கம், இன்றும் சம்பா நடவு முடிந்ததும் விருந்தினர் யாரையும் சேர்க்காமல் நட்டவர்களுக்கென்று தொட்டியை நிரப்புகிறேன்.

யாரோ செல்போனில் எடுத்த படம் உன் மகன் வரைக்கும் போய்விட்டது. திட்டப் போகிறான் என்று நீ பயந்துகொண்டே போனை எடுத்தாய். அவன் திட்டவே இல்லை, சிரித்துக்கொண்டே இருந்தான். "என்னம்மா நீ, அங்க இவ்வளவு பேரோட இருக்கியா?" என்றான். தனியாக இருக்கிறாய் என்ற பயம் அவனுக்கு அன்றோடு போனது. விற்கிற பேச்சும் போனது. அந்தப் படத்தைப் பார்த்தே நாயும் குட்டியுமாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். உனக்கு வந்த நிம்மதியைவிட எனக்கு வந்த நிம்மதி பெரிது. நீ போய்விட்டால் இந்த ஊரில் நான் யாரோடு சண்டை போடுவேன்?

நல்ல வருஷங்கள் கிடைத்தன. போன பங்குனியில் உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது, தஞ்சாவூர் டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்கும் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரி வேண்டாம் என்றாய். மகன் வந்து பக்கத்தில் இருந்தான். இப்போது லாட்ஜை நடத்தச் சொல்லி என்னிடம் விட்டுவிட்டுப் போனவனும் அவன்தான், நல்ல பிள்ளை.

குவைத்தில் எத்தனையோ பேர் என் கைப்பிடியில் போயிருக்கிறார்கள். கொத்தனார், டிரைவர், வீட்டு வேலைக்கு வந்த பெண்கள். கடைசி நேரத்தில் நினைவு தடுமாறும்போது எல்லாரும் கேட்பது ஒன்றுதான். சிஸ்டர், நான் எங்க இருக்கேன்? நான் பொய் சொல்வேன். ஊருக்கு வந்தாச்சு, வீட்டுலதான் இருக்கீங்க என்று தமிழிலும் மலையாளத்திலும் அரைகுறை இந்தியிலும் சொல்லியிருக்கிறேன். ஒருத்தரும் நம்பி நான் பார்த்ததில்லை.

உன் கடைசி நாள் மத்தியானம் நீயும் கண்ணைத் திறந்து கேட்டாய்.

"எங்கடி இருக்கேன்?"

"ஒன் வீட்லதான்டி இருக்கே."

"நெசமா?"

"நெசமாத்தான்."

"அப்ப சரி" என்றாய்.