ஊதிப் பார்த்த ஒட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். அங்கே நீங்கள் எல்லோரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் உங்கள் அண்ணன் காதில் விழும். செல்லில் எழுதி அனுப்பினால் பாதி படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவீர்கள். அதனால்தான் கடிதம்.

அவர் மறுபடி ஆஸ்பத்திரியில் இருக்கிறார். முதுகில் குழாய் போட்டு, மூளைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பையில் வடிக்கிறார்கள். நர்ஸ் வந்து குழாயை மூடாமல் எழுந்து உட்காரக்கூட முடியாது. பஞ்சர் கடையில் ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாத மனிதர், கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

ஆபரேஷன் முடிந்து நீங்கள் பார்க்க வந்திருந்தபோது தேறித்தான் இருந்தார். மூக்கு வழியாகப் போய்க் கட்டியை எடுத்தவர்கள், மூளைக்கு அடியில் எலும்பில் போட்ட ஓட்டையைத் தொடைக் கொழுப்பையும் மூக்கின் உள்தோலையும் வைத்து அடைத்திருந்தார்கள். அந்த ஒட்டு பிடிக்கும் வரை மூக்கைச் சிந்தக்கூடாது, குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். செருப்பைக்கூட நான்தான் மாட்டிவிட்டேன். முக்கக்கூடாது என்பதால் பழமும் கீரையுமாகக் கொடுத்தேன். நீங்கள் பார்த்துச் சிரித்தீர்கள். "பொத்திப் பொத்தியே அண்ணனை நோயாளி ஆக்கிடுவீங்க போல இருக்கே அண்ணி" என்றீர்கள். நானும் அசடு மாதிரி சேர்ந்து சிரித்தேன்.

பிறகு காற்றாட நடந்து வருகிறோம் என்று அவரைக் கடைக்கு அழைத்துப் போனீர்கள். அங்கே நடந்தது எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பீர்கள். பக்கத்துக் கடைத் தையற்காரர் சொல்லிவிட்டார். அண்ணனும் தம்பியும் பஞ்சர் ஒட்டியே வளர்ந்தவர்கள். ஒட்டின டியூபில் காற்றடித்து, தொட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்க்காமல் எந்த வண்டியையும் அனுப்பமாட்டீர்கள். "டாக்டரு ஒட்டைச் சோதிச்சுப் பாத்தாரா, சும்மாவே அனுப்பிட்டாரா?" என்று கேட்டீர்களாம். உடனே அவர் தன் மூக்கைத் தானே பிடித்து, வாயை இறுக்கி மூடி, கன்னம் உப்ப ஊதினாராம். "பக்காவா நிக்குதுண்ணா" என்று நீங்கள் கைதட்டினீர்களாம். அன்று சாயங்காலமே ஊருக்குக் கிளம்பிவிட்டீர்கள். அது ரப்பர் இல்லை தம்பி, சதை.

மறுநாள் பேப்பர் படிக்கக் குனிந்தவரின் மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒட்டு விட்டு வழிந்த மூளைத் தண்ணீர் அது; அவர் சளி என்று துடைத்துக்கொண்டார். தொண்டையில் உப்புக் கரிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேன். சொன்னால் உங்கள் பெயர் வருமே, அதனால் மூச்சுவிடவில்லை. காய்ச்சல் ஏறி, கழுத்து விறைத்து, என் பெயரே அவருக்கு மறந்துபோன பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். கிருமி மூளையின் உறை வரை போய்விட்டதாம். அது அடங்கினால்தான் மறுபடி உள்ளே போய் ஓட்டையை அடைப்பார்களாம். அடங்குமா என்று கேட்டேன். "பாக்கலாம்மா" என்று மட்டும் சொன்னார் டாக்டர்.

கொஞ்சம் நினைவு தெளிந்ததும் எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். வாயை மூடிக்கொண்டு தும்மிவிட்டதாக உங்கள் அண்ணன் சொன்னார். டாக்டர் என் பக்கம் திரும்பி, அத்தனை தடவை சொல்லியும் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்று வார்டே கேட்கும்படி திட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. உங்கள் அண்ணனும் திறக்கவில்லை. பெண்டாட்டி திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, தம்பி மேல் தூசு படக்கூடாது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய எனக்கு அது வலிக்காமல் இருக்குமா?

உங்கள் மேல் உள்ள கோபம் எனக்குத் தீரவில்லை. தீரும் என்று எழுதி உங்களைச் சமாதானப்படுத்தவும் மனமில்லை. ஆனால் வார்டுக் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் அவர் கண் அங்கேதான் போகிறது. லீவு அது இது என்று யோசிக்காமல் புறப்பட்டு வாருங்கள். நல்லபடியாக வந்து சேருங்கள்.

வந்ததும் உங்களிடமும் தும்மினேன் என்றுதான் சொல்வார். "அப்படியாண்ணா" என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். அவர் எதிரில் மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவர் அழுதுவிடுவார். அழுதால் மூக்கைச் சிந்துவார்.

இப்படிக்கு,
அண்ணி