டவாலி மாட்டிய கறுப்புக் கோட்டு

ஜூன் 9, திங்கள்
கறுப்புக் கோட்டு போட்டு முதல் நாள். ஐம்பத்தாறு வயது ஜூனியர். வெள்ளைப் பட்டையைக் கழுத்தில் கட்டிவிட்ட அமுதவல்லி, "பேண்டு செட்டுல வாசிக்கிறவரு மாதிரி இருக்கீங்க" என்றாள். கட்டிய மனைவி, கேஸ் போட முடியாது.

இதே கோர்ட்டு வாசலில் இருபத்தெட்டு வருடம் டவாலியாக நின்று, கட்சிக்காரர்களின் பெயரை மும்மூன்று முறை கூவியவன் நான். விருப்ப ஓய்வு வாங்கி, மகள் வயதுப் பிள்ளைகளோடு மூன்று வருடம் சட்டம் படித்தேன்.

ஜூன் 10
மானம் போச்சு. ஜட்ஜ் அம்மா "அடுத்த கேஸ்" என்றதும், வக்கீல்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து வாசலுக்குப் போய், "காத்தவராயன்... காத்தவராயன்... காத்தவராயன்" என்று கூவிவிட்டேன். கால் தானாகப் போய்விட்டது. கோர்ட்டே சிரித்தது. சிரிக்காதவர்கள் இரண்டு பேர்: புது டவாலி கவிநிலா, ஜட்ஜ்.

"ராஜவேல், கூப்பிடறது இனிமே உங்க வேலை இல்ல. இன்னொரு தடவை கத்தினா வெளிய அனுப்பிடுவேன்."

ஜூன் 11
வயிறு சரியில்லை என்று போகவில்லை. வயிறு நன்றாகத்தான் இருக்கிறது. ஏன்டா உனக்கு இந்த வேல? பென்ஷன வாங்கினமா, பீச்சு ரோட்டுல நடந்தமான்னு இருக்கக் கூடாதா?

ஜூன் 20
முதல் கட்சிக்காரர். குருசுக்குப்பத்தில் மீன் விற்கும் செல்வாம்பாள். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் வழக்குப் போட்டிருக்கிறார். கிழவிக்குக் காது மந்தம்.

"பழைய வக்கீலு பேசறது ஒன்னும் கேக்கல தம்பி. நீ பேசினா கேக்குது. நீயே பாரு."

என் சட்ட அறிவுக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

ஆகஸ்ட் 4
செல்வாம்பாள் சாட்சி சொல்ல இன்றுதான் கடைசி வாய்ப்பு. விட்டால் வீடு போச்சு. என்னோடு வந்தவள், "ஒரு டீ குடிச்சுட்டு வந்துட்றேன்" என்று போனாள். போனவள் போனவள்தான்.

கவிநிலா மூன்று முறை கூப்பிட்டாள். உள்ளே இருந்த எனக்கே பாதிதான் கேட்டது. ஜட்ஜ் பேனாவை எடுத்தார்.

அனுப்பினா அனுப்பட்டும் — போய்க் கூவினேன். எதிர்ச்சாரி டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். கிழவி டீ கிளாஸோடு ஓடி வந்தாள்.

"ராஜவேல், அன்னைக்கே சொன்னேன்."

"அன்னைக்கு யாரோ ஒருத்தரைக் கூப்பிட்டேங்கம்மா. இன்னைக்கு என் கட்சிக்காரரைக் கூப்பிட்டேன்."

ஜட்ஜ் பேனாவை மூடி வைத்தார். "கிளாஸை வெளிய வெச்சிட்டுக் கூண்டுல ஏறச் சொல்லுங்க, வக்கீல் சார்."

வீட்டில், "தொண்டை ஏன் கட்டியிருக்கு?" என்றாள் அமுதவல்லி. வாதாடினேன் என்றேன்.

அக்டோபர் 17
வீட்டுக்காரர் வழக்கு தள்ளுபடி. செல்வாம்பாளிடம் சொன்னேன். முதல் தடவையே கேட்டுவிட்டது, முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் இன்னும் இரண்டு முறை சொல்ல வைத்தாள்.