கடித்த இடம் வலிக்கவில்லை என்றாய்

இன்று காலை கரைவலையின் மடியை, மீன் சேரும் அந்தப் பையை, பிரித்தபோது மீனோடு மீனாக ஒரு கடல் பாம்பு வந்தது. வலைக்கடியன்தான். சின்னத் தலை, துடுப்பைப் போலத் தட்டையான வால். தண்ணீரில் அத்தனை வேகமாகப் போகிற அது, மணலில் ஊரத் தெரியாமல் புரண்டு புரண்டு விழுந்தது. நான் கூடையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து உன்னோடு பேசவேண்டும் போலிருக்கிறது.

மாதா கோவில் பள்ளிக்கூடத்தில் ஒரே பலகையில் உட்கார்ந்தவர்கள் நாம். பிறகு என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எனக்கு அண்ணியானாய். "வாய் நெறய அண்ணின்னு கூப்புடு, ஆனா வா போன்னே பேசு" என்றாய்.

கோவளம் கரையில் பெண்களில் நீ ஒருத்திதான் அந்தப் பாம்புக்குப் பயப்படாதவள். வாலைப் பிடித்துச் சுழற்றிக் கடலில் வீசிவிடுவாய். "அதுக்கும் மூச்சு வாங்கணும்டி. மேல வரும், காத்த முழுங்கிகினு போவும். நம்மளத் தேடி வந்து கடிக்காது. நசுக்குனாத்தான் கடிக்கும்" என்பாய். எனக்கோ தூரத்தில் ஒன்றைப் பார்த்தாலே உன்னைக் கூப்பிட்டாக வேண்டும். கரையில் அது ஒரு கேலியாகவே ஆகிவிட்டிருந்தது.

அன்றும் கூப்பிட்டேன். மழை விட்டிருந்த சமயம். அப்போதுதான் அவை அதிகம் வரும். எனக்கு நிறைமாதம். மடியை ஒட்டிக் கால் நீட்டி உட்கார்ந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தேன். காலடியில் மீன் குவியல் நெளிந்தது. எழுந்து நகர்ந்திருக்கலாம். "அண்ணி" என்று கத்தினேன்.

நீ ஓடிவந்தாய். பாம்பின் தலை வலைக்கண்ணில் மாட்டியிருந்தது. விடுவிக்க நீ வலைக்கண்ணைப் பிரித்தபோது திரும்பி உன் விரலைக் கவ்விவிட்டது.

"கடிச்சுதா?"

"முள்ளு குத்துனா மாரி கீது, அவ்ளோதான். வலியே இல்ல. நீ தள்ளி ஒக்காரு, வவுத்துப்புள்ளக்காரி."

சொல்லிக்கொண்டே அதைக் கடலில் வீசினாய். விரலில் வீக்கமில்லை, ஊசி குத்தியதுபோல் இரண்டு புள்ளி. உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு என் பக்கத்திலேயே மீன் பிரிக்க உட்கார்ந்துவிட்டாய். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

உச்சி வெயிலுக்குள் உன் தொடையும் இடுப்பும் இறுகத் தொடங்கிவிட்டன. பாய் முடைபவள் ஒருத்தி நஞ்சு முறிக்க ஏதோ இடித்துக் கொடுத்தாள். விழுங்க முடியவில்லை, தாடை திறக்கவில்லை. உன் கைக்குழந்தை பாலுக்கு அழுதது. நான் எடுத்து உன்னிடம் நீட்டினேன். பல் கிட்டிய வாயால், "எங்கையில குடுக்காத. கை நிக்கல, கீய போட்டுடுவேன்" என்றாய். உன் குரலில் நான் பயத்தைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கருவாட்டு வியாபாரி பாய் தன் மாட்டுவண்டியைக் கொடுத்தார். கேளம்பாக்கத்தில் ஓர் உப்பு லாரியை நிறுத்தி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே நீ கழித்த சிறுநீர் காப்பி நிறத்தில் இருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு அண்ணனைத் தனியாக அழைத்தார். நல்ல பாம்புக் கடிக்கு ஊசி இருக்கிறது, கடல் பாம்புக்கு நம் நாட்டில் எங்கேயும் கிடைக்காது என்றாராம். கடைசிவரை உனக்கு நினைவு தப்பவில்லை. கண்ணிமையைத் தூக்கத்தான் முடியவில்லை. மறுநாள் விடிந்தபோது மூச்சு நின்றது.

அண்ணன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லி அழுதிருப்பேன். அம்மாதான் ஒருநாள், "அவளா போயி கைய வச்சா, நீ இன்னா பண்ணுவ" என்றாள். அவளாகப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

எனக்குப் பிள்ளை பிறந்ததும் இரண்டு பேருக்கும் நானே பால் கொடுத்தேன். உன் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நடந்ததை அவளுக்குச் சொல்லியிருக்கிறோம். உன் கல்லறைக்குப் பூ கொண்டுபோகிறவளும் அவள்தான். ஆனாலும் என்னைத்தான் அம்மா என்கிறாள். அவள் கூப்பிட்டதும் நான் உடனே திரும்புவதில்லை. நீ முதலில் திரும்பிக்கொள்ள ஒரு மூச்சு நேரம் விட்டுவிட்டுத்தான் "இன்னாம்மா" என்கிறேன்.