அவசரப்பட்டு வந்த பால்

பிரிக்பீல்ட்ஸ்,
14.7.1996

அன்பு மகள் பூரணத்துக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், அம்மா இன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிடும் அளவுக்கு நலம். பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

போன வாரம் நீ டெலிபோனில் அழுதாய், உடனே ஆஸ்பத்திரியில் சேருங்கள் என்று கத்தினாய், நானும் பதிலுக்குக் கத்தி வைத்துவிட்டேன். நடந்ததை இப்போது ஒழுங்காக எழுதுகிறேன். அம்மா திடீரென்று பிதற்ற ஆரம்பித்தாள். என்னை ஸ்டேஷன் மாஸ்டர் என்று நினைத்து, கிள்ளான் ரயில் ஏன் லேட் என்று அதட்டினாள். செத்துப்போன உன் சபாபதி மாமா அலமாரிப் பக்கம் நிற்கிறார், அவருக்கு நாற்காலி போடுங்கள் என்றாள். புற்றுநோய் முற்றிய உடம்பு, நேரம் வந்துவிட்டது என்றே எனக்கும் பட்டது. கிள்ளானிலிருந்து என் அக்கா, அதுதான் உன் லெட்சுமி மாமி, சொந்தக்காரரை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு பால் கிண்ணத்தோடு வந்துவிட்டாள். "போனவங்க வந்து கூப்பிடுறாங்க தம்பி, நீ முதல்ல பாலை விடு" என்று ஸ்பூனை என் கையில் திணித்தாள். நானும் மக்கு மாதிரி அம்மாவின் உதடு வரை கொண்டு போய்விட்டேன். அந்த நேரம் பார்த்து, அம்மாவை வீட்டுக்கே வந்து பார்க்கிற ஹாஸ்பிஸ் நர்ஸ் மார்க்கிரட் உள்ளே வந்தாள். "அங்கிள், நிறுத்துங்க, படுத்திருக்கிறவங்களுக்கு பால் நுரையீரலுக்குள்ள போயிடும்லா, அப்புறம் அங்கே கிருமி பிடிக்கும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டிலோரம் குழாயில் தொங்கிய சிறுநீர்ப் பையைத் தூக்கிப் பார்த்தாள், சிறுநீர் கலங்கிப்போயிருந்தது. கிருமி தொற்றினால் வயதானவர்களுக்குக் காய்ச்சல்கூட இல்லாமல் புத்தி தடுமாறுமாம். டாக்டரைக் கேட்டு வீட்டிலேயே ஊசி போட்டார்கள், குழாயை மாற்றினார்கள். சில நாளில் அம்மா தெளிந்து, பழையபடி 'என்னங்க' என்று கூப்பிட்டாள் பார், எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பால் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அது பசும்பாலா டின் பாலா என்று விசாரித்தாள். டின் பால்தான். வெட்கப்பட்டு மாமி இந்தப் பக்கமே வரவில்லை.

இந்தக் கிருமி திரும்பவும் வரும், அப்போது மருந்து பிடிக்காமலும் போகலாம், என்ன செய்வது என்று ஆன்டிதான் சொல்ல வேண்டும் என்று மார்க்கிரட் சொன்னாள். அம்மா யோசிக்கவே இல்லை. ஊசியும் வேண்டாம், ஆஸ்பத்திரியும் வேண்டாம், வலி தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும், இந்தக் கட்டிலிலேயே இருக்கிறேன் என்றுவிட்டாள். எனக்கு மனம் ஒப்பவில்லை மகளே. ஒரு முறை மீண்டவள் இன்னொரு முறை மீள மாட்டாளா என்றுதான் அடித்துக்கொள்கிறது. குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன். ஆனாலும் தெளிந்த புத்தியோடு அவள் சொன்னதை, புத்தி தடுமாறும் நேரம் பார்த்து நான் மாற்றினால் அது துரோகம். நீயும் இதற்காக என்னோடு சண்டை போடாதே.

இன்னொன்றும் சொன்னாள். அந்தப் பாலை மாமியும் விட வேண்டாம், நானும் விட வேண்டாம், பூரணம் வந்து விடட்டும் என்றாள். கடைசியில் உதட்டை நனைக்கிற அளவுக்கு என்றால் சரி என்று மார்க்கிரட்டும் சொல்லிவிட்டாள். பிள்ளைகளுக்குச் சளி இருமல் இருந்தால் மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு வா, வந்ததும் முதலில் கையைக் கழுவு. அம்மாவின் ஆசியும் என் ஆசியும் உங்கள் எல்லோருக்கும் என்றும் உண்டு. சுங்கை வேயில் மாடு வைத்திருக்கும் கன்னையாவிடம் பசும்பாலுக்குச் சொல்லி வைத்துவிட்டேன். டிக்கெட் எடு, மகளே.

உன் அன்பு அப்பா,
தியாகராசா