கேட்காமல் வந்த இரண்டாவது தட்டு

அன்புக் குட்டிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கேயும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் தையல் கடையில் வைத்து எழுதுகிறேன்.

போன வாரம் அம்மாவின் ஸ்கேனைப் பார்த்த டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, கட்டி மறுபடி வந்திருக்கு, இனிமே மருந்தை மாத்திப் பிரயோஜனம் இல்ல, அவங்களுக்குப் பிடிச்சதைக் கொடுங்க என்றார். வெளியே வந்த என் மூஞ்சியைப் பார்த்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை, அந்த இத்தாலிக்காரங்க கடைக்குப் போலாமா என்றாள். நீ போன தடவை வந்தபோது கூட்டிப்போனாயே, வீட்டு முன்கூடத்தில் ஆறு மேசை போட்டு, சமைக்கிற இத்தாலிக்கார அம்மாவே தமிழில் பேசிப் பரிமாறுவாரே, அதே கடைதான். அவளாக வாய்விட்டு ஒரு சாப்பாட்டைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று, எனக்குத் தலைகால் புரியவில்லை. போனோம். தட்டு நிறைய பாஸ்தா வந்தது, மேலே சீஸ் உருகிக் கிடந்தது. அம்மா ரெண்டு வாய் வைத்தாள், மூன்றாவது வாய் இறங்கவில்லை, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. வெச்சிட்டு வா போலாம் என்றேன். எப்படிங்க, அந்தம்மா சமையக்கட்டு வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருக்காங்க, மனசு கஷ்டப்படுமே என்று, அவர் உள்ளே திரும்பும்போதெல்லாம் ஸ்பூன் ஸ்பூனாக அள்ளிக் கைப்பையிலிருந்த மருந்துக் கடைப் பையில் போட்டாள். உன் அம்மா கெட்டிக்காரி, தட்டைத் துடைத்து வைத்தாற்போல் காலி பண்ணிவிட்டாள். என்ன நடந்தது தெரியுமா, அந்தம்மா பூரித்துப்போய் ஓடிவந்து, மெலிஞ்சு கிடக்கீங்க, நல்லா சாப்பிடுங்க, இதுக்குக் காசு வேண்டாம் என்று முதல் தடவையைவிட அதிகமாக இன்னொரு தட்டு வைத்துவிட்டுப் போனார். அம்மா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது குட்டி, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று, பசிக்குதுங்க, ஆனா முடியல என்று சொல்லி அழுதாள். அந்தத் தட்டை நானே தின்று தீர்த்தேன், ருசியே தெரியவில்லை. கிளம்பும்போது அந்தம்மா அடுத்த வாரமும் வாங்க என்றார், அம்மா வரோம் வரோம் என்றாள்.

போனில் உன்னிடம் வயிறு நிறைய சாப்பிட்டேன் என்கிறாளே, அதுவும் இந்த மாதிரிதான். நீ அதை நம்பி வருஷக் கடைசி லீவுக்கு வருகிறேன் என்கிறாய். உன்மேல் தப்பில்லை. ஆனால் அவள் ரவிக்கைகளை மூன்று தடவை பிடித்துத் தைத்துவிட்டேன், இப்போது இஞ்ச் டேப்பை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வருஷக் கடைசி வரை தாங்காது. நீ வந்தால் சரியாகிவிடும் என்று பொய் சொல்ல மாட்டேன், எதுவும் சரியாகப் போவதில்லை. இருந்தாலும் வா, இந்த மாதமே வா.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். வீட்டுக்குள் நுழைந்ததும் பழக்கத்தில் வாயில் வந்துவிடும், சாப்பிட்டியாம்மா என்று மட்டும் அவளைக் கேட்டுவிடாதே.

இப்படிக்கு
உன் அப்பா