அகப்பை என் கையில்

மார்கழி 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. ஆரையம்பதிச் சந்தியில் என் ஓட்டோவுக்கு ஆளில்லை. கிளினிக் போனேன். நிறை 86. சின்ன வயது டொக்டர். என் கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒவ்வொரு மாரிக்கும் ஏறுறீங்க ஐயா. தை பிறக்க முதல் வாங்க. நிறை இறங்கியிருந்தா சீனிக் குளிசை வேணாம். ஏறியிருந்தா தொடங்கத்தான் வேணும்."

அப்பாவின் சீனி வருத்தமும் தினம் விழுங்குகிற குளிசையில்தான் தொடங்கியது. பிறகு ஊசி. பிறகு வலது கால் போயிற்று. எனக்குப் பயம். பெண்சாதி செல்வியிடம் பயம் என்று சொல்லவில்லை, பசியில்லை என்றேன். அவள் நம்பவில்லை.

விட வேண்டியவை: ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கித் தின்னும் வடை. சீனித் தேத்தண்ணி. இரவுப் புட்டில் இரண்டாம் தரம். தயிர் (யோசிக்கலாம்).

மார்கழி 10, வியாழன்

குளிர். திருவெம்பாவை தொடக்கம். சங்குச் சத்தத்தோடு எழும்பிக் கோயிலுக்கு நடை, ஓட்டோ வீட்டில். வாவிக்கரையால் சுற்றிப் போனேன். மூச்சு வாங்கியது, பெருமையாகவும் இருந்தது.

பூசை முடியச் சர்க்கரைப் புக்கை. பொங்கிய சூடு ஆறாமல் இலையில் ஒரு மலை. சாமி பிரசாதம், வேண்டாம் என்று சொல்லலாமா? தின்றேன்.

மார்கழி 11, வெள்ளி

இன்றைக்கு மோதகம், அவல், கடலை. நாளுக்கு ஒரு வீட்டு உபயம். நேற்றைய வீட்டை இன்றைய வீடு வெல்லப் பார்க்கிறது, நடுவில் என் வயிறு.

ஸ்டாண்டில் ரனீஸ், காத்தான்குடிக்காரன், என் ஓட்டோவுக்குப் பின்னால் நிற்பவன்: "நீ மெலியப் போறியா, திங்கப் போறியா மச்சான்?" நெல் மூட்டை நிறுக்கிற தராசில் என்னை ஏற்றினான். அரைக் கிலோ கூடியிருந்தது.

மார்கழி 12, சனி

பக்கத்து வளவுப் பரமேஸ்வரி அக்கா வீட்டு உபயம். நெய் மணக்கும் புக்கை. கும்பிட்டுவிட்டு, கை நீட்டாமல் நேரே வீட்டுக்கு. வென்றுவிட்டேன்.

மார்கழி 13, ஞாயிறு

எங்கே வென்றது. செல்வி கடையில் கேட்டு வந்த கதை: அக்கா வீட்டோடு எனக்குக் கோபமாம், பழைய வேலிச் சண்டையை மனதில் வைத்திருக்கிறேனாம். அந்தச் சண்டை எனக்கே மறந்துபோயிற்று.

"இஞ்சருங்க, நாளைக்குப் போய்த் திண்டுட்டு வாங்க. அவட முகத்தில எனக்கு முழிக்கேலாது."

தின்றால் குளிசை, தின்னாவிட்டால் ஊர்ப்பகை. ரனீஸிடம் சொன்னேன். சிரித்தான். "எங்கட கலியாணத்தில சாப்பாட்டுச் சஹன் தட்டுத் தூக்கிப் பரிமாறுறவன் கடைசியாத்தான் திம்பான். அவனை ஆரும் தின்னு தின்னு எண்டு இழுக்கிறல்ல."

சரிதானே.

மார்கழி 14, திங்கள்

கோயில் தலைவரிடம் போய்ப் பரிமாறும் அகப்பையைக் கேட்டேன். உடனே தந்தார், இடுப்பு வலியாம். எல்லாருக்கும் நானே பரிமாறினேன். முடியும்போது அண்டாவில் ஒட்டியது மட்டும். அதையும் வழித்துக் காகத்துக்கு. நீ தின்றாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. வரும்போது வாவிக்கரையில் தனியாகச் சிரித்தேன்.

மார்கழி 16, புதன்

தூறல். வரிசையில் பரமேஸ்வரி அக்கா. முகத்தைத் திருப்பிக்கொண்டு இலையை நீட்டினார். சமாதானமாகட்டும் என்று அகப்பை நிறைய அள்ளினேன். அக்கா குனிந்து, மெதுவாக:

"கொஞ்சமாப் போடு தம்பி. எனக்குச் சீனி வருத்தம். ஆருக்கும் சொல்லிராத."

பாதியை அண்டாவில் திரும்பக் கொட்டினேன். பிறகு கவனித்தால் வரிசையில் இன்னும் நாலைந்து பேர் அதே குசுகுசுப்பு. தலைவரும்தான். வேண்டாம் என்று சொல்லப் பயந்து எல்லாரும் தின்றுகொண்டிருந்திருக்கிறோம். சிரிப்பு வந்தது. அக்கா மேல் பாசமும் வந்தது.

மார்கழி 19, சனி

திருவாதிரை. செல்வி சின்னச் சிரட்டை அகப்பை ஒன்று தந்தாள். "இதால போடுங்க, குறையப் போடுறது ஆருக்கும் விளங்காது." ஒருவருக்கும் விளங்கவில்லை, அல்லது எல்லாருக்கும் விளங்கியது. மிஞ்சிய புக்கையைக் கல்முனை பஸ்ஸை மறித்து ஏற்றிவிட்டோம். கொண்டக்டர் இரண்டு தரம் வாங்கினான்.

காற்சட்டைப் பொத்தான் மூச்சுப் பிடிக்காமல் பூட்டியது.

மார்கழி 29, செவ்வாய்

வெயில். கிளினிக்கின் நீள மர வாங்கில் என் பிரசாத வரிசை முழுக்க உட்கார்ந்திருக்கிறது. ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி. பரமேஸ்வரி அக்கா முந்தானையால் கொப்பியை மூடியபடி.

தராசு: 83. டொக்டர் என்னை இறக்கி, திரும்ப ஏற்றினார். 83தான். சீனியும் இறக்கம். "குளிசை வேணாம் ஐயா. இப்பிடியே இருங்க." அப்பாவை நினைத்தேன். கண் கலங்கியது, தும்மல் என்று சமாளித்தேன்.

வெளியே வந்து கொப்பியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். வாங்கிலிருந்து அக்கா எழும்பினார். முந்தானையை விலக்கித் தன் கொப்பியையும் தூக்கினார். எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

"எனக்கும் ஒரு கிலோ இறக்கம். தம்பி, வாற மார்கழிக்கும் அகப்பைய ஆருக்கும் குடுத்திராத."